அடிமையும் விடுதலையும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஹென்றி ஆல்ஃபிரெட் கிருஷ்ணப்பிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக அமைந்த காப்பியம் அது. ஆசிரியரைக் கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றும் திறனாய்வு மரபு, அதன் நடையழகையே பெரிதும் பேசிவந்துள்ளது. அக்காப்பியம் காட்டும் விடுதலை எத்தகையது என்னும் வினாவை நாம் இங்கு எழுப்புகிறோம்.

பனியனின் கதையில் பயணியின் சுமை சிலுவையருகே கழன்று விழுகிறது. ஆயினும் அவன் தலைவனற்றவன் ஆகிவிடுவதில்லை. அப்பொல்லியோன் அவனைத் தன் குடியென உரிமை கோரும்போது, வேறோர் அரசனுக்குத் தான் ஆட்பட்டுவிட்டதையே விடையாகக் கூறுகிறான். விடுதலை என்பது ஈண்டுத் தலைவனை மாற்றிக்கொள்வதாகும். வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணப்பிள்ளைக்கு இக்கருத்து அயலானதன்று. ‘அடியேன்’ எனத் தன்னைச் சுட்டுவதைத் தாழ்வாகக் கொள்ளாது பேறாகக் கொள்ளும் மரபில் வளர்ந்தவர் அவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற பின்னும் கிருஷ்ணன் என்னும் பெயரையும் பிள்ளை என்னும் பட்டத்தையும் அவர் விட்டுவிடவில்லை. காப்பியத்தினிடையே அமைத்த இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். ஆகவே, அவருடைய புதிய அடையாளம் பழைய தொண்டுமொழியைத் துறந்து பெற்றதன்று. அம்மொழியைப் புதிய தலைவனுக்கு உரியதாக்கிப் பெற்றதாகும்.

எனினும், ‘அடிமை’ என்னும் சொல் எல்லாச் செவிகளுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன் பின்னரும் பண்ணையடிமை நிலை தொடர்ந்தது. நிலத்தில் ஆட்பட்டுக் கிடந்தவர்க்கு அச்சொல் உருவகமன்று, அன்றாட வாழ்வு. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பிலும் இவ்விடர்ப்பாட்டின் சாயலைக் காணலாம். ‘தூலொஸ்’ என்னும் ஒரே கிரேக்கச் சொல், பவுல் தம்மைக் குறிக்குமிடத்தில் ‘ஊழியக்காரன்’ என்றும், கிறிஸ்து எடுத்த வடிவத்தைக் குறிக்குமிடத்தில் ‘அடிமை’ என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. இரட்சணிய யாத்திரிகத்தில் தளை என்பது பாவத்தின் தளையே. பண்ணையின் தளை அதன் பாடுபொருள் அன்று. இதனை அக்காப்பியத்தின் எல்லையென்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும், அவ்வெல்லையைக் கடக்கும் வழியும் அக்காப்பியத்துள்ளேயே உள்ளது. பனியனின் மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் கிருஷ்ணப்பிள்ளை விரிவாகப் பாடிச் சேர்த்தார். அடியவன் தலைவனை நாடிச் செல்லும் கதையில், தலைவனே அடிமைக்குரிய தண்டனையை ஏற்கும் கதை இடம்பெறுகிறது. உரோமர் ஆட்சியில் சிலுவை மரணம் அடிமைகளுக்கு விதிக்கப்பட்ட இழிதண்டனையாக இருந்தமையை இங்கு நினைத்தல் தகும். தலைவனே பணியாளனாகத் தாழ்ந்தபின், பிறரைப் பணியாளராக வைத்திருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. கவிஞர் இம்முடிவை வெளிப்படையாகக் கூறினார் என நாம் வாதிடவில்லை. அவர் சேர்த்த பகுதி அம்முடிவை நோக்கியே நம்மை இட்டுச் செல்கிறது என்கிறோம். நடையழகைக் கடந்து இக்காப்பியத்தை மீண்டும் பயில்வதற்கு இதுவே போதிய காரணமாகும்.