பாலைவனத்துக்கு ஒரு கோனார் நோட்ஸ்

கிராண்ட் கேன்யன் போய்வந்த நம் ஆட்களின் ஆல்பத்தைப் பார்த்திருப்பீர்கள். லாஸ் வேகஸிலிருந்து பஸ். விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்வெட்டர் போட்ட மாமனார், மாமியார். முதுகுக்குப் பின்னால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழம். அரை மணி நேரம், பதினாறு போட்டோ, கடையில் ஒரு ஃப்ரிஜ் காந்தம், திரும்ப பஸ். இவர்களுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கென்று தனியாக ஒரு வகை வழிகாட்டிப் புத்தகம் உண்டு. இலக்கியத்தில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம் என்பது என் கட்சி.

முதலில் இடம். யூடா, அரிஸோனா, கொலராடோ, நியூ மெக்ஸிகோ என்று நாலு மாநிலங்களில் பரந்துகிடக்கிற கொலராடோ பீடபூமி, தமிழ்நாட்டைப்போல இரண்டரை மடங்கு பெரிசு. மணல்பாறையைத் தண்ணீர் லட்சக்கணக்கான வருஷங்களாக அறுத்து உண்டாக்கிய ஆயிரக்கணக்கான இடுக்குகள். சிலது உண்டியல் துவாரம் மாதிரி. மேலே ஒரு கோடு வானம், கீழே தோள் இடிக்கும் அகலம். ‘ஸ்லாட் கேன்யன்’ என்கிறார்கள். உள்ளே வழி தவறினால் கேட்பதற்கு ஆள் கிடையாது. செல்போனுக்கு சிக்னல் கிடையாது. கையில் இருக்கிற பக்கம்தான் துணை.

அந்தப் பக்கம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? 1869-ல் ஜான் வெஸ்லி பவல் என்கிற, உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த மேஜர், சில படகுகளோடு இந்த ஆற்றில் இறங்கினார். மேப்பில் அந்தப் பகுதி வெறும் வெள்ளை. மூன்று மாதம். சாப்பாடு தீர்ந்துகொண்டிருக்கிறது. எதிரே இன்னொரு பயங்கரமான நீர்ச்சரிவு. ஆகஸ்ட் 28-ஆம் தேதி, போதுமடா சாமி என்று மூன்று பேர் பிரிந்து, பக்கத்து இடுக்கு வழியாக மேலே ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பவே இல்லை. மறுநாளே பவலும் மற்றவர்களும் கேன்யனைவிட்டுப் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். ‘இன்னும் ஒரு நாள்தான், பொறுத்துக்கொள்’ என்று எழுதிவைக்க முன்னால் ஒருத்தர் போயிருந்தால் மூன்று பேர் பிழைத்திருக்கலாம். வழிகாட்டிப் புத்தகம் என்பது இந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் அலங்காரம்.

அலங்காரமே இல்லாமல் எழுதியவர் ஹார்வி புட்சார்ட். ஃப்ளாக்ஸ்டாஃபில் கணக்குப் புரொஃபசர். லீவு நாளெல்லாம் கிராண்ட் கேன்யனுக்குள் நடந்து, மொத்தம் சுமார் 12,000 மைல் சேர்த்தவர். அந்த மணல் கலங்கிய ஆற்றைக் காற்றடைத்த மெத்தையில் படுத்துக்கொண்டு கடப்பார். 1955-ல் அப்படிக் கடக்கும்போது கூட வந்த மாணவர் ஒருவர் மூழ்கிப்போனார். 1970-ல் வந்த அவருடைய ‘கிராண்ட் கேன்யன் ட்ரெக்ஸ்’ சின்னப் புத்தகம். படித்தால் தேற்றம் படிக்கிற மாதிரி இருக்கும். இந்தப் பாறையிலிருந்து வடக்கே, அந்த விரிசலில் இறங்கு, அவ்வளவுதான். அஸ்தமனம் எந்தக் கலரில் இருந்தது என்று மூச்சுவிட மாட்டார். முதல் தடவை படித்தபோது, என்ன மனுஷன் இவர் என்று தோன்றியது. அப்புறம் புரிந்தது. அவர் எழுதுவது ஏற்கனவே அங்கே நிற்கிறவனுக்கு. அஸ்தமனத்தை அவனே பார்த்துக்கொள்வான். நம் பயணக் கட்டுரைக்காரர்கள் ஒரு தடவை இவரை வாசிக்கலாம்.

நேர் எதிர், மைக்கேல் கெல்ஸி. யூடாவின் ப்ரோவோ நகரத்துக்காரர். எண்பதுகளிலிருந்து தானே நடந்து, தானே மேப் வரைந்து, தானே போட்டோ எடுத்து, தானே பதிப்பித்து விற்கிறவர். நம்மூர் சிறுபத்திரிகை ஆசாமிகளுக்கு இவரைப் பார்த்தால் உடனே பிடித்துப்போகும். ‘கொலராடோ பீடபூமி கேன்யன் நடைக் கையேடு’, பரியா ஆறு, ஹென்றி மலைகள், ஸான் ரஃபேல் என்று ஏரியா ஏரியாவாகப் புத்தகங்கள். பொடி எழுத்து, நெரிசலான பக்கம், டிசைன் என்று ஒரு சமாசாரம் உண்டு என்பதே தெரியாத மாதிரி அட்டை. மைலையும் அடியையும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற தேசத்தில் கிலோமீட்டரும் மீட்டரும் போடுவார். அதற்காகவே இந்தியர்கள் இவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவருடைய பலம் வேறிடத்தில். பாதை சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நின்று, இந்தக் கிணறை வெட்டியவர் யார், இந்தத் தகரக் கொட்டகையில் யுரேனியம் தோண்டியவர்கள் என்ன ஆனார்கள், எந்தக் குடும்பத்தின் மாடுகள் இங்கே மேய்ந்தன என்று ஆரம்பித்துவிடுவார். வயசான பண்ணைக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதியவை. ப்ளூஜான் என்றொரு இடுக்கு. கொள்ளைக்காரர்களோடு சகவாசம் வைத்திருந்த ஜான் க்ரிஃபித் என்பவரின் பட்டப்பெயர் அது. ஒரு கண் நீலம், மறு கண் பழுப்பு, அதனால் ‘ப்ளூ’ ஜான். இதெல்லாம் எந்தச் சரித்திரப் பாடத்திலும் வராது. கிழவர்கள் செத்ததும் போயிருக்க வேண்டியது. இப்போது ஒரு நடைவழிப் புத்தகத்தில், தண்ணீர்க் குறிப்புக்கும் மேப்புக்கும் நடுவில் உயிரோடு இருக்கிறது.

குறை? பெரிசாகவே ஒன்று உண்டு. மனிதர் வேகமாக நடப்பார். தனக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நேர்மையாகக் குறிப்பிடுவார். அதை நம்பிக் கிளம்பினால் இருட்டில்தான் திரும்புவோம். அவர் சொல்வதை இரண்டால் பெருக்கு என்பது அங்கே நடக்கிறவர்களிடையே பிரசித்தமான வாய்ப்பாடு. சிரிக்கலாம். ஆனால், ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் வேண்டிய இடத்தில் ஆறு மணி நேரத்துக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் பன்னிரண்டு மணி நேரம் நடந்தால் என்ன ஆகும்? எழுதுகிறவனின் நேர்மை மட்டும் போதாது, படிக்கிறவனின் முழங்காலையும் நினைக்க வேண்டும்.

அதே ப்ளூஜானில்தான் 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் மாட்டிக்கொண்டார். உருண்ட பாறை வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொள்ள, ஐந்து நாள் கழித்து மழுங்கிய கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். டேனி பாயில் 2010-ல் ‘127 அவர்ஸ்’ என்று படமெடுத்தார். இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். ஆகவே, கதை உங்களுக்குத் தெரியும். (பவலுக்கும் வலது கைதான். அந்தப் பிரதேசத்துக்கு என்ன கோபமோ.) ரால்ஸ்டனுக்கு வழி தெரியாமல் இல்லை. போகிற இடத்தை ஒருத்தரிடமும் சொல்லாமல் போனார், அதுதான் விஷயம். இதற்கு எந்தப் புத்தகமும் மருந்தல்ல.

வெள்ளத்துக்கும் அப்படித்தான். 1997 ஆகஸ்ட் 12-ல் ஆன்டெலோப் கேன்யனில் 11 டூரிஸ்ட்டுகள் இறந்தார்கள். மழை பெய்தது எங்கோ சில மைல் தள்ளி. கூட வந்த வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். 2015 செப்டம்பரில் ஸயன் தேசியப் பூங்காவின் கீஹோலில் ஏழு பேர். அங்கே புகுவதற்குமுன் பார்க்க வேண்டியது அன்றைய வானிலை அறிக்கை. ஆனால், ஒன்று கவனியுங்கள். ஆன்டெலோப்பின் மேல்பகுதிக்கு நவஹோ மக்கள் வைத்திருக்கும் பெயரின் அர்த்தம், ‘பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்.’ பெயரே எச்சரிக்கை! ஆங்கிலத்தில் அதை மான் என்று மாற்றியதும் எச்சரிக்கை போய்விட்டது. இந்தப் புத்தகங்களில் எனக்கு உறுத்துகிற சங்கதி இதுதான். ‘முதன்முதலில் இறங்கியவர் இன்னார்’ என்று வருஷத்தோடு போடுவார்கள். குகைச் சுவரில் கை ரேகை பதித்து, தானியக் களஞ்சியம் கட்டி வாழ்ந்தவர்கள் எல்லாம் மேலேயிருந்து வேடிக்கை பார்த்தார்களா?

‘எழுதாதே, எழுதினால் கூட்டம் வரும்’ என்று ஒரு கட்சி அங்கே உண்டு. நியாயம் இருக்கிறது. ‘தி வேவ்’ என்கிற அலைபோல நெளிந்த பாறையைப் பார்க்க ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி கொடுத்துவந்தார்கள். அதற்குக் குலுக்கல். 2021-ல் 64 ஆக்கினார்கள். புதைபொருள் இருக்கும் இடங்களை மட்டும் சொல்லாமல் விடுகிற ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். பானை ஓட்டைப் பையில் போட்டுக்கொள்கிற ஜென்மங்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால், மொத்தமாக வாயை மூடுவதற்கு என்ன விலை என்று அந்த ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஐம்பதுகளில் எக்கோ பார்க் என்ற இடத்தில் அணை கட்டப் பார்த்தார்கள். 1955-ல் வாலஸ் ஸ்டெக்னர் தொகுத்து ‘திஸ் இஸ் டைனோஸர்’ என்று ஒரு புத்தகம் போட்டு, இதுதானய்யா நீங்கள் மூழ்கடிக்கப்போகிற இடம் என்று காட்டினார்கள். அணை நின்றது. பதிலுக்கு க்ளென் கேன்யனில் கட்டிக்கொள்ள விட்டுவிட்டார்கள். அதை அநேகமாக யாரும் பார்த்ததில்லை. சமரசம் பேசிய ஸியரா கிளப்பின் டேவிட் ப்ரோவரே தாமதமாகத்தான் போய்ப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வருந்தினார். 1963-ல் அணைக் கதவை மூடின அதே வருஷம் எலியட் போர்ட்டரின் போட்டோக்களோடு புத்தகம் வந்தது. தலைப்பு: ‘தி ப்ளேஸ் நோ ஒன் ந்யூ’. யாரும் அறியாத இடம். எட்டு வருஷ வித்தியாசம். ஒரு புத்தகம் நேரத்துக்கு வந்தது, இன்னொன்று கருமாதிக்கு வந்தது. ஆகவே, கூட்டத்தைப் பற்றிப் புலம்புகிறவர்களிடம் நான் பாதிதான் அனுதாபப்படுவேன். கூட்டத்துக்குக் குலுக்கல் வைக்கலாம். முந்நூறு அடித் தண்ணீருக்குக் கீழே போனதற்கு என்ன வைப்பது?

அந்தத் தண்ணீர்தான் லேக் பவல். கையிழந்த மேஜரின் பெயரையே வைத்தார்கள், குசும்பு. அதற்கும் கெல்ஸி ஒரு கையேடு போட்டிருக்கிறார், படகில் போய் எந்தெந்த இடுக்கில் இறங்கி நடக்கலாம் என்று. வறட்சியில் ஏரி வற்றி, 2023 தொடக்கத்தில் கொள்ளளவில் கால்வாசிகூட இல்லை. மூழ்கிப்போன ‘கதீட்ரல் இன் தி டெஸர்ட்’ என்ற பாறை மண்டபம் வெளியே தெரிந்தது. படகுத் துறைகள் சில தரையில் நின்றன. புத்தகத்தில் படகு என்று போட்ட இடத்தில் நடக்க வேண்டியதாகிவிட்டது.

உறவுக்காரர்கள் யாராவது ஃபீனிக்ஸிலோ ஸால்ட் லேக் சிட்டியிலோ இருந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் போகும் உத்தேசமும் இருந்தால், கெல்ஸி வாங்கச் சொல்லுங்கள். கிடைக்கிறதிலேயே புதுப் பதிப்பாக. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம், ஊற்று என்று போட்டிருக்கும் இடத்தில் இப்போது மணல் இருக்கலாம். மணிக்கணக்கைப் பென்சிலால் இரட்டிப்பாக்கிக்கொள்ளட்டும். புட்சார்ட் புத்தகம் கிடைத்தால் எனக்கு ஒரு காப்பி.