குடத்தில் வெட்டிய பெயர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த எனாமல் தூக்குகள், சுவர்க் கடிகாரம், பித்தளை அண்டா, தவலை, குடம், அஞ்சறைப்பெட்டி என்று சாமான்கள் வாசல்வரை வழியும். புது வீட்டை அலங்கரிக்க ஆசைப்படுகிறவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இங்கே வருகிறார்கள். உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் மொத்தமாக வாங்குகிறவர்களும் வருகிறார்கள். இப்படித் தேடி வாங்குவதற்கு இப்போது ‘திரிஃப்டிங்’ என்று பெயர். வாங்கிய பொருள் ‘விண்டேஜ்’. அதுவே 1950, 60களின் நாற்காலியாக இருந்தால் ‘மிட் செஞ்சுரி’.

அந்தக் கடைகளில் ஒரு குடத்தைத் திருப்பிப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகச் சில எழுத்துகள் வெட்டியிருக்கும். சிலவற்றில் ஒரு பெண்ணின் பெயர். சிலவற்றில் சீர் கொடுத்த தகப்பனாரின் தலைப்பெழுத்து. சிலவற்றில் வட்டித் தொழில் நடத்திய வீட்டின் விலாசம். வாங்குகிறவருக்கு அது பழமைக்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். யாருடைய எழுத்து என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது அதைத்தான்.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கொடுக்கிற பாத்திரம் பிறர் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது என்பது அதன் காரணம். செட்டிநாட்டில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நகரத்தார் திருமணத்தில் பெண்வீட்டார் தரும் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே கணவனும் மனைவியும் தனி அடுப்பு மூட்டுவார்கள். ‘வேறு வைத்தல்’ என்று அதற்குப் பெயர். கோயில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’. ஆக, அந்த அண்டாவும் தவலையும் கண்காட்சிப் பொருள்கள் அல்ல. ஒரு பெண் தன் அடுப்பைத் தொடங்குவதற்கான முதல். நகரத்தார் பெண்களின் சொத்துரிமையைப் பற்றி ஜப்பானிய மானுடவியலாளர் யுகோ நிஷிமுரா 1998இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

சீர்வரிசையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெண்ணுக்கு நிலமும் வீடும் தராமல் பாத்திரத்தோடும் நகையோடும் கணக்கை முடித்துக்கொள்ள ஆண்கள் கண்டுபிடித்த வழி அது. ஆனால் கையில் கிடைத்தது அவ்வளவுதான் என்பதால், அது யாருடையது என்ற கேள்வி இன்னும் முக்கியமாகிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சீதனம் உட்படப் பெண்ணின் வசம் உள்ள சொத்து முழுமையாக அவளுக்கே உரியது என்கிறது. கணவன் வீட்டில் இருப்பதாலேயே சீதனம் அவனுடையதாகிவிடாது. அதைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் கண்ணில், பேர் வெட்டிய குடத்தை அந்தப் பேருக்குரியவள் மட்டுமே விற்கலாம்.

நடப்பது வேறு. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது செட்டிநாட்டின் செல்வம் ஆட்டம் கண்டது. 1960களில் பர்மாவின் ராணுவ அரசு தொழில்களை நாட்டுடைமை ஆக்கியபோது மிச்சமும் போனது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் நகர்ந்தன. பராமரிக்க ஆளில்லாத வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன. பல வீடுகள் இடிக்கப்பட்டுத் தூண் தனி, கதவு தனி, பாத்திரம் தனி என்று விலைக்கு வந்தன.

வீட்டை இடிப்பதா, வைத்திருப்பதா என்ற பேச்சில் பெண்ணின் இடம் எது? 2005 வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முடிவெடுக்காதவரை பெண் வாரிசு தன் பங்கைக் கேட்க முடியாது என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம்கூட, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கி வைத்தது. 2005இன் மத்தியத் திருத்தம் இரண்டு தடைகளையும் நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. 1950களிலும் 60களிலும் மணமான பெண்களை நினைத்துப் பாருங்கள். இன்று ‘மிட் செஞ்சுரி’ என்று கொண்டாடப்படும் காலத்தின் மணப்பெண்கள் அவர்கள். வீட்டில் பங்கு இல்லாதவர்களுக்கு, வீட்டைக் காலி செய்யும்போது சாமான் அறையைப் பற்றிப் பேச எவ்வளவு இடம் இருந்திருக்கும்? அண்டா எடைக்குப் போகும். பணம் பாகத்தில் சேரும்.

எல்லாப் பெண்களும் கண்ணீரோடுதான் பித்தளையைப் பிரிந்தார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். எவர்சில்வர் வந்தபோது பித்தளையைப் போட்டுவிட்டு அதை ஆசையோடு வாங்கியவர்கள் பெண்கள்தான். பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்க வேண்டும். உள்ளே ஈயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்தால் புளிக்குழம்பு கைத்துப்போகும். ஆட்டுக்கல்லின் கதையும் அதுதான். இட்லிக்கு மாவரைத்த தோள்களுக்கு அது அலங்காரமாக இருந்ததில்லை. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் தரத் தொடங்கியபோது, அந்தத் தோள்களைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

இன்று அதே ஆட்டுக்கல் விடுதி முற்றத்தில் தண்ணீர் நிரப்பி, மேலே செவ்வந்தி இதழ் மிதக்க நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகு பிறப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அதில் இனி யாரும் மாவரைக்கக் கூடாது. உழைப்பு நீங்கினால்தான் கருவி கலையாகிறது. ஆனால் உழைப்பு முழுவதும் நீங்கிவிடுவதும் இல்லை. வரவேற்பறையில் அடுக்கிய பதினைந்து பித்தளைப் பாத்திரங்கள் பளபளக்க வேண்டுமானால் யாராவது தேய்க்க வேண்டும். வீட்டின் உரிமையாளர் தேய்ப்பதில்லை. மாதச் சம்பளத்துக்கு வரும் பெண் தேய்க்கிறார். பேசிய வேலையில் இந்தப் பாத்திரங்கள் கிடையாது. எவர்சில்வர் ஒரு தலைமுறைப் பெண்களின் கையிலிருந்து எடுத்த வேலையை, விண்டேஜ் ரசனை வேறொரு பெண்ணின் கையில் கொண்டுபோய் வைக்கிறது.

பழமை ரசனை மறைக்கிற இன்னொரு கணக்கும் உண்டு. ‘நம் பாட்டி வீட்டுப் பித்தளை’ என்கிறார்களே, அந்த ‘நம்’ யார்? காரைக்குடி அன்று இருந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில். அதே மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன் வெள்ளி நகை கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது என்பவற்றோடு, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் அந்த எட்டில் ஒன்று. ஒரு கூடத்தில் சீர்ப் பித்தளை பரப்பி வைக்கப்பட்டிருந்த அதே மாவட்டத்தில், ஒரு பித்தளைச் செம்பை வைத்திருப்பதே அடிவாங்கக் காரணமாகியிருக்கிறது. ஆதிதிராவிடப் பெண்ணின் மண்சட்டி உடைந்து மண்ணோடு போயிற்று. பழம்பொருள் கடைக்கு வருவதெல்லாம் யாரிடம் பொருள் இருந்ததோ அவர்களுடைய மிச்சம். அதையே ‘தமிழர் வாழ்க்கை’ என்று ஓர் உணவகச் சுவரில் மாட்டும்போது, அந்தத் தடை இரண்டாம் முறை நிறைவேறுகிறது.

பழைய பொருளில் பெயர் முக்கியமில்லை என்று சந்தை நினைப்பதாகச் சொல்ல முடியாது. மிட் செஞ்சுரி நாற்காலியின் விலையே வடிவமைத்தவர் பெயரில்தான் நிற்கிறது. அங்கும் எந்தப் பெயர் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் சேர்ந்து உழைத்த ஒட்டுப்பலகை நாற்காலிகளை 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பிலேயே சார்லஸின் பெயர் மட்டும் இருந்தது. மனைவி ரேயின் பெயர் அதில் இல்லை. இந்தியாவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக 1950களில் செய்த தேக்கும் பிரம்பும் சேர்ந்த நாற்காலிகளை, அந்த அலுவலகங்களே பழைய சாமானாகக் கழித்துக்கட்டின. பிறகு அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போயின. 2011இல் அவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் உள்துறை அமைச்சகம் தடை போட வேண்டியதாயிற்று. சந்தையில் அவை ‘பியர் ஜானரே நாற்காலிகள்’. அந்தக் குழுவில் ஜானரேயோடு அறைகலன்களில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரியின் பெயர் தேடினால்தான் கிடைக்கும். பிரம்பு பின்னியவர்களின் பெயர் தேடினாலும் கிடைக்காது.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் இந்த நாற்காலிகளைப் பற்றி ‘ப்ராவனன்ஸ்’ என்றொரு படம் எடுத்தார். படம் பின்னோக்கிப் போகிறது. முதலில் செல்வந்தர் வீடு, பிறகு ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல், கடைசியாகச் சண்டிகர் அலுவலகம். நம் குடத்துக்கும் இப்படிப் பின்னோக்கி ஒரு நடை தேவைப்படுகிறது. வரவேற்பறையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து எடைத்தட்டுக்கு, எடைத்தட்டிலிருந்து பாகப்பிரிவினைக்கு, அங்கிருந்து சாமான் அறைக்கு. அந்த வழியின் கடைசியில் ஒரு பெண் நிற்பாள்.

பழையதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஒரு மரம் வெட்ட வேண்டாம். நம் ஊரில் பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றிய பெண்கள் இதைப் பெயர் வைக்காமலேயே செய்துவந்தார்கள். அவர்கள் செய்தபோது அது கஞ்சத்தனம் அல்லது வறுமை. வசதியுள்ளவர் செய்தால் ரசனை. வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கும்போது எந்த ஊர், எந்த வீடு, எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எழுத்தைத் தேய்த்து அழிக்காதீர்கள். படம் எடுத்துப் பொருளின் கதையோடு எழுதி வையுங்கள். அதைத் தேய்க்கிறவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலேயே அப்படி ஒரு பாத்திரம் இருக்கலாம். பேர் வெட்டியவர் உயிரோடு இருந்தால் இறக்கி அவர் முன்னால் வையுங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எத்தனை உருப்படி வந்தது, எத்தனை மிச்சம், மற்றவை யார் கைக்குப் போயின என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா, விற்றால் பணம் யாருக்கு என்பதையும் அவரே சொல்லட்டும்.