பழனிக் காவடி: தோளும் தாளமும் தெருவும்

காவடியாட்டம் சுமையிலிருந்து பிறந்த கலை. தண்டின் இரு முனையிலும் பாரத்தைக் கட்டித் தோளில் தூக்கிப் போகும் பழைய வழக்கம் நேர்த்திக்கடனாகி, பிறகு ஆட்டமாயிற்று. பழனியின் தலக்கதையும் சுமையைப் பற்றியதுதான். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன், களைப்பாற இங்கே இறக்கி வைத்தான். திரும்பத் தூக்க முடியவில்லை. மலைப்படியின் நடுவழியில் அவனுக்குச் சன்னதி இருக்கிறது. காவடி கொண்டுவருபவர்கள் அவனைக் கும்பிடாமல் மேலே ஏறுவதில்லை.

பழனியில் அதிகம் கண்ணில் படும் காவடியின் அமைப்பு எளியது. குறுக்கே ஒரு மரத்தண்டு, அதன் இரு முனையையும் இணைத்து மேலே அரைவட்ட வளைவு, வளைவின்மேல் பட்டு அல்லது சிவப்புத் துணி, இரு பக்கமும் மயிலிறகுக் கட்டு, சில மணிகள். பால் காவடியானால் வாய் கட்டிய செம்புகள் தொங்கும். பன்னீர்க் காவடி, புஷ்பக் காவடி, மச்சக் காவடி, சர்ப்பக் காவடி, சேவல் காவடி என்று வகைகள் பல இருந்தாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். பல ஆண்டு எடுத்த பழைய காவடியில் தண்டின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். தோளும் பிடரியும் பட்டுப் பட்டு அந்த ஒரு சாண் மட்டும் வழவழப்பாக மின்னும்.

மயிலிறகு வெறும் அலங்காரம் என்று நினைப்பவர் ஆட்டத்தில் பாதியைத் தவறவிடுகிறார். ஆடுபவர் சுழலும்போது வளைவு அவரோடு திரும்பிவிடும். இறகுக் கட்டு ஒரு கணம் பிந்தித்தான் வரும். அவர் நின்ற பிறகும் அது தன் வீச்சை முடித்தே அடங்கும். தேர்ந்த ஆட்டக்காரர், தாளத்தை முடிக்கும் தீர்மானத்தின் கடைசி அடியில் காலை ஊன்றிவிட்டு, இறகு அடங்கும்வரை அசையாமல் நிற்பார். கற்றுக்குட்டி அதற்குள் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். சுழற்சிக்கு நேரெதிரான வித்தையும் உண்டு. கையை விட்டுவிட்டு, வலத்தோளிலிருந்து பிடரிக்கும் பிடரியிலிருந்து இடத்தோளுக்கும் தண்டை உருட்டுவது அது. அப்போது கீழே ஆள் குனிந்து நெளிந்து என்ன செய்தாலும் மேலே வளைவு சாயாமல் மிதக்க வேண்டும். கைதட்டல் சுழற்சிக்கே கிடைக்கிறது என்றாலும் அருமையானது இந்த உருட்டல்தான்.

ஆட்டத்தை நடத்துவது மேளம். நையாண்டி மேளத்தில் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு சேரும். கொங்குப் பக்கத்துக் கூட்டங்களோடு உறுமியும் வரும். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் முனகல், தவிலின் கணீரென்ற அடிக்குக் கீழே தரையோடு ஊர்ந்து வருகிறது. சாமி வந்து ஆடுபவர்களை அதிகம் உலுக்குவது அந்த ஓசைதான். மேளக்காரர்கள் ஆடுபவரின் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தே வாசிப்பார்கள். தவில்காரரின் கண் மட்டும் ஆடுபவரின் காலில் இருக்கும். கால் தளர்ந்தால் நடையைக் குறைப்பதும், வேகம் கூடினால் முந்திக்கொண்டு முத்தாய்ப்பு வைப்பதும் அவர் வேலை. தாளத்துக்கு ஆடுகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பல நேரங்களில் காலுக்குத்தான் வாசிக்கிறார்கள்.

காவடிக்கு மூன்றெண்ணிக்கையான திஸ்ர நடை ஒட்டிக்கொண்டதற்கு நடைப்பயணமே காரணமாக இருக்கலாம். தகிட, தகிட என்று எண்ணிக்கைக்கு ஓர் அடியாக வைத்துப் போனால் முதல் அழுத்தம் ஒருமுறை வலக்காலிலும் மறுமுறை இடக்காலிலும் விழும். பாரம் ஒரே பக்கம் தங்குவதில்லை. அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்துப் போன பயணத்தோடு பிறந்தது என்பார்கள். கச்சேரி மேடையில் அது கடைசியில் வரும் துக்கடா. வழிநடையில் அதற்கு இருந்த வேலை வேறு.

பழனிக்குப் பெரிய வழிநடைகள் இரண்டு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வருகிறது. அதில் ஆட்டத்தைவிட ஒழுங்கே அழகு: வரிசை, வேல், பாட்டு, தங்கும் இடம் என்று எல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுத்த முறைப்படி நடக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு மக்கள் கொடுமுடிக் காவிரியிலிருந்து தீர்த்தக் காவடி கொண்டுவருகிறார்கள். வெயில் ஏறிய அந்தப் பங்குனியில்தான் பழனித் தெருவில் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது. தைப்பூசத் தேர் ஊருக்குள் பெரியநாயகியம்மன் கோயிலின் ரத வீதிகளிலும், பங்குனித் தேர் மலையைச் சுற்றிய கிரிவீதியிலும் ஓடும்.

கிரிவீதியே இந்தக் கலையின் அரங்கம். நவீன அரங்கங்கள் பார்வையாளரை ஆயத்தப்படுத்த ஒரு வழியை அமைக்கின்றன. பெய்ஜிங்கில் 2007இல் திறந்த தேசிய நிகழ்கலை மையத்துக்குள் போக, பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பால் ஆந்த்ரூ தண்ணீருக்கு அடியில் கண்ணாடிக் கூரையிட்ட நடைபாதை போட்டார். அதைக் கடந்துதான் மேடையை அடைய முடியும். பழனியில் அந்த நடை கலைஞருக்கு உரியது. பல நாள் நடந்து வந்த கால் அடிவாரத்தில் ஆடத் தொடங்கும்போது, அதன் தளர்ச்சியும் ஆட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். முகத்து வியர்வையும் தெரியும். உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2024இல் கிரிவீதியில் வாகனங்கள் தடுக்கப்பட்டபோது, கலைக்கு அதனால் கிடைத்த லாபத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஹாரன் இல்லாத தெருவில் பம்பையின் இரட்டைக் குரல் பிரிந்து கேட்கிறது.

படியில் ஆட்டம் மாறிவிடும். 693 படிகளில் சுழல இடமில்லை. காவடி மறுபடி வெறும் சுமையாகிறது. 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப் காரும் இருந்தாலும் காவடிக்காரர்கள் படியேறுவதையே விரும்புகிறார்கள்.

தொழிலாக ஆடும் மேடைக் காவடி வேறு. காவடியோடு படுத்து எழுவது, தாம்பாளத்தின் விளிம்பில் நின்று நகர்வது, ஏணி ஏறுவது என்று அதில் சாகசம் கூடும். காவடியும் எடை குறைந்ததாக இருக்கும். தேர்ச்சியில் மேடைக்காரரே மேல், ஐயமில்லை. ஆனால் பாரமில்லாத தோளில் பாரத்தை நடித்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. சிலர் அதைக்கூடச் செய்வதில்லை.

கடல் கடந்த காவடி உருவமே மாறிப்போனது. 272 படிகள் கொண்ட மலேசியாவின் பத்துமலையில் பலரும் எடுப்பது, இடுப்பிலும் தோளிலும் பூட்டிய உயரமான உலோகச் சட்டகம். அதை உருட்ட முடியாது. உடல் நிமிர்ந்தபடி மொத்தமாகத்தான் திரும்பும். சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்குத் தடை இருந்தது. 2016இல்தான் குறித்த சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் குரலும் கைத்தட்டலுமே தாளமாயின.

பழனிமலைத்தொடரின் உச்சியில் இரைச்சல் குறைவு. கொடைக்கானலில் 1936இல் லீலாவதி ராமநாதன் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலின் பின்பக்கம் நின்றால், மேகம் இல்லாத நாளில் பழனி மலை கீழே சிறிதாகத் தெரியும். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலின் தேர்த் திருவிழாவுக்குப் பூண்டு விளையும் படிவயல்களின் நடுவே சுற்றூர்க்காரர்கள் கூடுகிறார்கள். தெரு குறுகியது, ஏற்ற இறக்கமானது. காவடி எடுத்தாலும் வட்டமாகச் சுழல வழியில்லை. முன்னும் பின்னுமாகவே கால் போகும்.