பனிமலைப் பண்ணையின் மடல்கள்

கடித வடிவில் அமைந்த இலக்கியம் நமக்குப் புதிதன்று. டாக்டர் மு. வரதராசனார் அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் வரைந்த மடல்களைப் படித்து வளர்ந்தோர் நம்மிடையே பலர். அவை அறிவுரை கூற எழுந்தவை. எழுதியவரின் வாழ்வை அவற்றுள் தேட வேண்டியதில்லை. நாம் இங்கு எடுத்துக்கொண்ட நூலோ, பிழைப்புத் தேடித் தொலைதூரம் சென்ற ஒரு பெண், தான் விட்டுவந்த ஊருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பாகும். எலினோர் புருயிட் ஸ்டுவர்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் இம்மடல்கள் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்து, 1914-இல் நூலுருப் பெற்றன. அரசிடம் நிலம் கேட்டுக் குடியேறிய ஒரு பெண்ணின் கடிதங்கள் என்பது நூற்பெயரின் பொருள்.

டென்வர் நகரில் பிறர் வீட்டில் வேலை செய்து, சிறு மகளுடன் வாழ்ந்தவர் எலினோர். 1909-இல் வயோமிங் மாநிலத்துப் பர்ன்ட்ஃபோர்க் என்னுமிடத்தில் கிளைட் ஸ்டுவர்ட் என்பவரின் மாட்டுப் பண்ணைக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றார். ஒரு பகல் ஓர் இரவு இரயிலிலும், இரண்டு நாள் குதிரை வண்டியிலும் செல்ல வேண்டிய தொலைவு அது. சென்ற சில வாரங்களிலேயே பண்ணை முதல்வரை மணந்துகொண்டார். கடிதங்கள் யாவும், டென்வரில் அவர் முன்பு வேலை செய்த வீட்டின் தலைவியாகிய கோனி அம்மையாருக்கு எழுதப்பட்டவை.

பர்ன்ட்ஃபோர்க், யுயின்டா மலைத்தொடரின் வடபுற அடிவாரம். அங்கே குளிர்காலம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. மாடுகள் மலைமேய்ச்சலிலிருந்து கீழிறங்கியதும் பண்ணையின் பிழைப்பு முழுவதும் கோடையில் அறுத்து உலர்த்திப் போர் போட்ட புல்லையே சார்ந்து நிற்கும். இதன் பின்னணியை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். ஒரு காலத்தில் அந்நாட்டு மேய்ச்சற்காரர்கள் மந்தையைத் திறந்த வெளியிலேயே குளிர்காலம் கழிக்க விட்டுவிடுவார்கள். 1886-87-ஆம் ஆண்டுக் கடுங்குளிர் அந்த முறைக்கு முடிவு கட்டியது. பனிக்கடியில் புல் கிடைக்காமல் இலட்சக்கணக்கில் மாடுகள் மடிந்தன. அப்போது மோன்டானாவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் ரஸ்ஸல், மந்தை எப்படியிருக்கிறது என்று கேட்டெழுதிய முதலாளிக்கு மறுமொழியாக அஞ்சலட்டை அளவில் ஒரு படம் வரைந்தார். எலும்பு துருத்திய ஒற்றை மாடு பனியில் நிற்கிறது, ஓநாய்கள் காத்திருக்கின்றன. அதற்குமேல் கடிதம் தேவைப்படவில்லை.

எலினோரின் மடல்களை இப்படத்தின் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் தனித்தன்மை விளங்குகிறது. புல்லறுக்க ஆள் கிடைக்காமல் கணவர் அலைந்துகொண்டிருக்க, இவர் தாமே குதிரைகள் இழுக்கும் அறுப்பு இயந்திரத்தில் ஏறி அமர்ந்து அறுத்து முடிக்கிறார். நாள்தோறும் ஏழு பசுக்களின் பாலைக் கறக்கிறார்; காட்டுப் பழங்களைப் பாகு காய்ச்சிப் புட்டிகளில் அடைக்கிறார். இவையெல்லாம் வரவிருக்கும் பனிக்கு எதிரான ஆயத்தங்கள். ஆனால் இவர் எழுத்தில் அவை திருவிழாவைப் போலத் தோன்றுகின்றன. நெடுநல்வாடையின் தொடக்கத்தில் ஆநிரையோடு குளிரில் நடுங்கித் தீக்காயும் கோவலரை நாம் காண்கிறோம். அங்கே வாடை, தலைவியின் பிரிவுத் துயருக்கு முன்னுரையாகி விலகிவிடுகிறது. இங்கோ அடுத்த நாள் வேலையே குளிர்தான். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கிறிஸ்துமஸின்போது பனிச்சறுக்கு வண்டியில் உணவை ஏற்றிக்கொண்டு, தனிமையில் கிடக்கும் ஆட்டிடையர்களின் கூடாரங்களுக்குச் செல்லும் பகுதி நூலின் சுவைமிக்க பகுதிகளுள் ஒன்று. சற்றே இனிப்பு மிகுந்தது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் 1912 டிசம்பர் 2-ஆம் நாளிட்ட மடல் ஒன்று இந்நூலை வேறு தளத்துக்கு உயர்த்திவிடுகிறது. தம் திருமணத்தன்று ஏப்ரனையும் பழைய காலணிகளையும் கழற்ற மறந்தே நின்றதை வேடிக்கையாகச் சொல்லிவருகிறவர், அதே மடலில், முதல் ஆண்குழந்தை ஜேமி இறந்ததைச் சொல்கிறார். மருத்துவர் இல்லை, பாதிரியார் இல்லை. தச்சு வேலை தெரிந்த கணவர் சிறு சவப்பெட்டியைச் செய்கிறார். தாய் அதற்கு உள்ளே துணி வைத்துத் தைக்கிறார். இறுதி வழிபாட்டையும் அவரே படிக்கிறார். இத்தனை காலம் இதைச் சொல்ல இயலவில்லை, இப்போதுதான் இயல்கிறது என்கிறார். அதற்கு முந்தைய உற்சாகமான மடல்களை நாம் திருப்பிப் படிக்கும்போது, எந்தச் சிரிப்பு எதன்மேல் போர்த்தப்பட்டது என்பது புலனாகிறது. 'இங்கு யாவரும் நலம்' என்று எழுதி உறையை ஒட்டிய கை நம் இல்லங்களிலும் உண்டு. ஆதலால் இம்மறைப்பைப் பொய் என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

வேறொரு மறைப்பை அவ்வாறு எளிதில் விட்டுவிட முடியாது. நகரத்தில் துணி துவைத்து வாடும் ஏழைப் பெண்களெல்லாம் நிலத்துக்கு விண்ணப்பித்துத் தம் சொந்தக் காலில் நிற்கலாம் என்பது இந்நூலின் முழக்கம். 1862-ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கரை அவ்வாறு வழங்கியது உண்மையே. ஆனால் எலினோர் தம் பெயரில் அந்நிலத்தை இறுதிவரை பெறவில்லை. மணமான பெண்ணின் உரிமை சிக்கலுக்குள்ளாகும் நிலையில், 1912-இல் அதை விட்டுக்கொடுத்தார். மாமியார் பெயரில் அது குடும்பத்துக்குள்ளேயே தங்கியது. பின்வந்த ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டி இதை வெளிக்கொணர்ந்தனர். குழந்தையின் இழப்பை மறைத்தவர் தம் துயரத்தைத் தாமே சுமந்தார். நில விவரத்தை மறைத்ததன் சுமையோ, அதை நம்பி இரயிலேறக்கூடிய முகமறியாப் பெண்களின் தலைமேல் விழும். இலக்கியமாக இந்நூலை நாம் போற்றலாம். வழிகாட்டியாக அதனை நீட்டுதல் தகாது.

இம்மடல்களைத் தழுவி 1979-இல் எடுக்கப்பட்ட 'ஹார்ட்லேண்ட்' என்னும் திரைப்படம், 1980-இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. எலினோர் எழுதாமல் விட்ட இருளையெல்லாம் அது பனியில் மடியும் மாடுகளாகக் காட்டுகிறது. ரஸ்ஸலின் அஞ்சலட்டைக்கு அது நெருக்கம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படத்தில் பேச்சு குறைவு. எலினோரோ பேசாமல் இருக்கத் தெரியாதவர். அந்த ஓயாப் பேச்சில்தான் அவர் குளிரைக் கடந்தார் என்று நாம் கருதுகிறோம்.

1926-இல், புல்லறுக்கும் இயந்திரத்தை இழுத்த குதிரைகள் மிரண்டதால் அவர் கடுங்காயமுற்றார். 1933-இல் மறைந்தார்.