அளவுகோலாகும் முக்காடு

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. பருவமடைந்ததும் பெண்களின் படிப்பு நின்றுபோகும் ஒரு முஸ்லிம் ஊரின் கதை அது. மதம் அடைத்த கதவைக் கல்வி திறக்கும் என்று அதை எளிதாக வாசித்துவிடுகிறோம்.

2022இல் உடுப்பி அந்த வாசிப்பைக் குலைத்தது. ஹிஜாபுடன் படிக்க வந்த மாணவிகளை வகுப்புக்குள் விட மறுத்தது கல்லூரியே. ஹிஜாப் இன்றியமையாத மதக் கடமை இல்லை என்றது கர்நாடக உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். ஹிஜாபுக்காகப் படிப்பை மறுப்பதால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை மேம்படுமா என்று கேட்டார், அவர்களில் ஒருவரான சுதான்ஷு துலியா.

நாவலின் பெண்கள் உடலையும் ஆசையையும் பாவத்தையும் வீட்டுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஊர் விதிகளை வகுப்பதோ ஆண்கள். இன்று படித்த பெண் குர்ஆன் தமிழாக்கத்தைத் தானே வாசித்து, அந்த விதிகளுக்கு ஆதாரம் கேட்க முடியும். முக்காட்டோடும் கேட்கலாம், இல்லாமலும் கேட்கலாம். ஆகவே அவள் பெற்ற கல்வியை முக்காட்டைக் கொண்டு அளக்க வேண்டாம். திருமணம், மணவிலக்கு, வேலை குறித்து முடிவெடுக்கும் ஜமாஅத்தில் அவளுக்கு இடம் உண்டா என்று கேட்போம்.