17 பேரில் 16 பேர்

"சான்றுகளின் அடிப்படையில் அமைந்தது" என்னும் சொற்றொடரை இந்நாளில் மருந்து விளம்பரங்களிலும் காண்கிறோம். கல்வித் திட்டங்களிலும் காண்கிறோம். சான்று என்று எதைக் கூறுகிறார்கள்? இதை ஆராய ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம்.

1978-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெயிட்' என்னும் ஆவணப்படமே அது. 'அச்சுறுத்தித் திருத்துதல்' என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். தவறான வழியில் செல்லும் 17 இளையோர் நியூ ஜெர்சி மாநிலத்து ராவே சிறைக்கு அழைத்து வரப்படுகின்றனர். ஆயுள் கைதிகள் அவர்களைப் பார்த்து உரக்கக் கத்துகின்றனர்; சிறைவாழ்வின் கொடுமைகளை ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கின்றனர். துடுக்காக நுழைந்தவர்கள் வெளிறிய முகத்துடன் திரும்புகின்றனர். மூன்று மாதங்களுக்குப் பின் 17 பேரில் 16 பேர் நேர்வழியில் இருப்பதாகப் படம் கூறுகிறது. அதற்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. பல மாநிலங்கள் இதே முறையைப் பின்பற்றத் தொடங்கின.

படம் என்ற அளவில் அது வலிமை வாய்ந்தது. சான்று என்ற அளவில் மிக மெலிந்தது. ஏன்?

பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றித் துணியால் சுற்றி வைக்கிறோம். அரைமணி கழித்தும் நீர் சூடாகவே உள்ளது. "துணிதான் காரணம்" என்று மாணவன் எழுதினால் மதிப்பெண் தருவோமா? துணி சுற்றாத மற்றொரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தாயா என்றுதானே கேட்போம்! படத்தில் அந்த இரண்டாம் பாத்திரம் இல்லை. சிறைக்குப் போகாமலே அந்த இளையோரில் எத்தனை பேர் ஒழுங்காக இருந்திருப்பர் என்பதைப் படம் கேட்கவே இல்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபின்கனார் அதைக் கேட்டார். 1982-இல் வெளியான அவருடைய ஆய்வில், ராவே சிறைக்குச் சென்று வந்த 46 பேரும், செல்லாத 35 பேரும் ஆறு மாதங்கள் கவனிக்கப்பட்டனர். சென்றவர்களில் 41 விழுக்காட்டினர் மீண்டும் குற்றத்தில் சிக்கினர். செல்லாதவர்களிலோ 11 விழுக்காட்டினரே சிக்கினர்!

81 பேரை மட்டும் வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயமே. குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரிப்பதிலும் அவ்வாய்வில் சில குறைகள் நேர்ந்தன. ஆனால் ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. 1967 முதல் 1992 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 1,000 இளையோரிடம் நடந்த இத்தகைய சோதனைகளை ஆண்டனி பெட்ரோசினோவும் அவருடைய குழுவினரும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். ஒன்றுமே செய்யாமல் விட்டிருப்பதைக் காட்டிலும் இம்முறை கேடு விளைவிக்கிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இத்தனைக்குப் பிறகும், 2011-இல் அதே தயாரிப்பாளர் இதைத் தொலைக்காட்சித் தொடராக மீண்டும் கொண்டுவந்தார். அழும் சிறுவனின் முகம் நெஞ்சில் பதிகிறது. விழுக்காட்டுக் கணக்கு பதிவதில்லை.

எனவே, சான்று உண்டு என்று யாரேனும் கூறினால் மூன்று கேள்விகளைக் கேட்போம். எதனுடன் ஒப்பிட்டீர்கள்? எத்தனை பேரை, எவ்வளவு காலம் கவனித்தீர்கள்? முடிவு எதிராக வந்திருந்தால் திட்டத்தைக் கைவிட்டிருப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லத் தயங்குவோரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்கலாகாது.