கல்லூரிக்கு வெளியே கண்ட சமணம்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். கோட்டைக்குக் கிழக்கே, திண்டிவனம் செல்லும் வழியை ஒட்டி மேல்சித்தாமூர் என்றோர் ஊர் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. தமிழ்ச் சமணரின் மடம் அங்கேதான் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்களாகப் பார்சுவநாதரும் பாகுபலியும் பாறையிலே நிற்கின்றனர். தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்ற நானும் அறியாதார் கூட்டத்தில்தான் இருந்தேன்.

மூன்றாண்டு படித்தேன், தோழர்களே! சீவக சிந்தாமணி பாடத்தில் இருந்தது. எவ்வளவு? சில பாடல்கள். ஆசிரியர் குறிப்புச் சொல்வார், நாங்கள் எழுதுவோம். மணி அடிக்கும். மறுநாள், விட்ட இடத்தைத் தேடுவதிலேயே பாதி வேளை கழியும். ஆர்வமுள்ளவன் சில கிழமைகளில் கற்கக்கூடியதைப் பருவம் பருவமாக நீட்டி, ஆமையும் நாணும் வேகத்தில் எங்களை இழுத்துச் சென்றனர். திருத்தக்க தேவர் சமணர் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. சமணர் யார், இன்று எங்கே வாழ்கின்றனர் என்று நாங்கள் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும், தேர்வுக்கு வாராது என்று அமர்த்தியிருப்பர்.

என்னை எழுப்பியது, மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் எழுதிய ‘சமணமும் தமிழும்’. அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். நீதிக்கட்சியின் ‘திராவிடன்’ நாளேட்டில் பணிசெய்து, பின்னர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். பகலெல்லாம் சிறுவர்க்கு எழுத்தறிவித்துவிட்டு, தாம் வட்டெழுத்தும் கிரந்தமும் பயின்று கல்வெட்டுகளுக்குள் புகுந்தார். 1936-இல் கிறித்தவமும், 1940-இல் பௌத்தமும், அதன்பின் சமணமும் தமிழுக்குச் செய்தவற்றை நூல்களாக்கினார். யார் வகுத்த பாடத்திட்டம் இது? அவரே வினா எழுப்பினார். விடை கிடைக்கும்வரை நடந்தார். சமணரின் சுவடு எந்தெந்த ஊரில் எஞ்சியுள்ளது என அவர் திரட்டித் தந்த பகுதி, படிப்பவனைக் கையைப் பிடித்து வீதிக்கு இழுக்கிறது. நூலின் உயிர் அங்கேதான். குறையும் உண்டு. சில இடங்களில் பட்டியல் வறண்டு ஓடுகிறது. ஊர்ப்பெயரைக் கொண்டு சமணத்தை ஊகிக்கும்போது சான்று மெலிகிறது. ஆயினும், சமணத் துறவியர் தங்கிய ‘பள்ளி’யே நம் பள்ளிக்கூடத்திற்குப் பெயர் தந்தது என்று அவர் காட்டும் இடத்தைப் படித்தபோது, நாள்தோறும் நான் நுழையும் வாயிலை அன்றுதான் கண்டவனானேன்.

இதே சிந்தாமணிதான் உ. வே. சாமிநாதையரையும் விழிக்க வைத்தது. அவரைப் பாராட்ட நமக்குத் தயக்கம் வேண்டுவதில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடங்கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகவும் அமர்ந்தவர் அவர். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்தீர் என்று வினவினார். அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார் ஐயர். சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். இல்லை! கல்லூரித் தமிழாசிரியர் கண்டிராத காப்பியம்! சோழனைச் சிந்தாமணியிலிருந்து மீட்கவே பெரியபுராணம் பிறந்தது என்று கதை சொல்லும் சைவ உலகம், அந்நூலைத் தன் மாணவர்க்கு எப்படிப் பரிந்துரைக்கும்?

ஐயர் மீண்டும் மாணவரானார். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அவர் சென்ற நாளில் ஒரு வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. மணவிழாவோ? அன்று, சிந்தாமணியைப் படித்து முடித்த விழா. கல்லூரி அறியாத நூலை இல்லறத்தார் கூடியிருந்து ஓதிக்கொண்டிருந்தனர்! அவர்களிடம் கேட்டுக்கேட்டுத் தெளிந்து, 1887-இல் அதை அச்சேற்றினார்.

வழிகாட்டி இன்றிக் கற்பவன் வழி தவறுவானே என்பர் சிலர். தவறுவான், மறுக்கவில்லை. ஆனால் தானே கற்பது தனியே கற்பதன்று. ஐயருக்குச் சமண நண்பர்கள் இருந்தனர். வேங்கடசாமிக்குக் கல்வெட்டு இருந்தது, பொய் சொன்னால் மறுக்கும் சான்றாக. நம் இயக்கப் படிப்பகங்களில் ஒருவர் ஏடு வாசிக்க நால்வர் வாதிட்டனரே, அதுவும் இவ்வகைதான். பட்டத்தை எறிந்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அந்தப் பட்டம்தான். பட்டம் வாங்கும்வரை அறிவைக் காத்திருக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் மேல்சித்தாமூர் சென்றேன். மடமும் வழிபாடும் நமக்கு உடன்பாடல்ல. பார்க்கச் சென்றது பாறையை. பாகுபலியின் காலில் கொடி ஏன் சுற்றியிருக்கிறது என்றான் ஒருவன். நான் விழித்தேன். அருகிருந்த ஊர்ப் பெரியவர், அசையாது நின்று தவம் செய்ததால் கொடி படர்ந்தது என்றார். “கொடி படரும்வரை உண்ணாமல் நிற்க ஒருவரால் முடியுமா, தாத்தா?” என்றான் பையன். பெரியவர் சினக்கவில்லை. திண்ணையைக் காட்டி உட்காரச் சொன்னார்.